மனத்துயரும் மூப்பும்: உயிரணு கூறும் சரித்திரம்

"மனக்கவலை பலக்குறைவு" என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தனர். கவலை ஆளைத் தின்னும் என்பதும், துக்கம் தலையை நரைக்கச் செய்யும் என்பதும் தொட்டிலிலிருந்தே நாம் கேட்டுப் பழகிய பேச்சு. பழம்பேச்சு என்பதற்காக ஒன்றை அப்படியே ஒப்புக்கொள்வது அறிவுடைமை ஆகாது. பழம்பேச்சு என்பதற்காகவே அதனை ஒதுக்கிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. எதனையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். நீங்காத மனச்சோர்வு மனித உடம்பை விரைவில் மூப்படையச் செய்கின்றதா என்னும் கேள்வியைச் சென்ற நூறு ஆண்டுகளில் பற்பல நாட்டார், பெரும்பாலும் ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, சிறிது சிறிதாகச் சோதித்து வந்திருக்கின்றனர். அச்சோதனையின் சரித்திரத்தைத் தோட்டத்து அன்பர்களுக்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத ஒரு தோட்டக் கிராணிக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாரும் இருக்கலாம். நான் வைத்தியனல்லன். ஆயினும் மனிதருடைய வயதைத் தாளிலும் முகத்திலும் ஒருங்கே பார்க்கும் வேலை எனக்கு வாய்த்திருக்கின்றது. செனாவாங் என்றால் இன்று பலருக்கும் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளுமே நினைவுக்கு வரும். நம் பெற்றோருக்கோ அது ரப்பர்த் தோட்டத்தின் பெயர். அதனைச் சூழ்ந்த பக்கங்களில் எஞ்சி நிற்கும் தோட்டங்களுள் ஒன்றில் நான் கணக்கெழுதுகிறேன். அடையாள அட்டையில் 42 வயது என்றிருக்கும். எதிரே நிற்கும் முகமோ 60 என்று சொல்லும். முதலில் இது எனக்கு வியப்பாயிருந்தது. நாளடைவில் பழகிப்போயிற்று. பழகிப்போனதுதான் என் குற்றம்.

அப்படிப்பட்டோருள் ஒரு தாய் இருந்தாள். பிறந்தது முதல் நடக்கவியலாத பிள்ளையொன்றைப் பதினாறு ஆண்டுகளாக இடுப்பிலும் தோளிலும் சுமந்து வளர்த்தவள்; கணவனை இழந்தவள். மாதத்தில் நாலைந்து நாள் காலைப் பெரட்டுக்கு வரமாட்டாள். சோம்பேறி என்றார் சிலர். பேய் பிடித்தவள் என்று சாமியாடியிடம் அழைத்துப் போனார் வேறு சிலர். நானோ ஒன்றும் சொல்லாமல் செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒருநாள் காரணம் கேட்டபோது அவள் சொன்னாள்: "எழுந்திரிக்க முடியலை ஐயா. கால் இருக்கு, நடக்க மனசு இல்லை. எல்லாம் என் தலையெழுத்து."

தலையெழுத்து! அந்த ஒரு சொல்லே என்னைப் புத்தகங்களிடம் துரத்தியது. அங்கே நான் கண்டது பின்வருமாறு.

பழைய வைத்தியரும் பைத்தியசாலையும்

துயரம் உடம்பைச் சேர்ந்த விஷயம் என்னும் எண்ணம் புதியதன்று. பண்டைக் கிரேக்க வைத்தியர், உடம்பில் கரும்பித்தம் மிகுவதால் தீராத் துக்கம் பிறக்கின்றது என்று கருதினர். 'மெலன்கோலியா' என்று ஐரோப்பியர் வழங்கிய நோய்ப்பெயருக்குக் கரும்பித்தம் என்பதே பொருள். நம் சித்த வைத்தியரும் வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் மூன்றின் நிலைமாற்றத்தால் மனமும் கெடும் என்றனர். காரணம் கூறியதில் அவர்கள் தவறியிருக்கலாம். மனத்தை உடம்பினின்றும் பிரித்து நோக்காததில் தவறவில்லை. உடம்பின் உள்ளே நடப்பதைக் கண்ணால் காணும் கருவி அவர்களிடம் இல்லை. குறை அவ்வளவே.

பின்வந்த காலம் பைத்தியசாலைகளின் காலம். சென்னையில் 1794-இல் அத்தகைய விடுதியொன்று தோன்றிற்று. கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் பெரிய சாலை திறக்கப்பட்டது. மலாயாவில் 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று ஏற்பட்டது. அவ்வூரின் பெயரையே நாம் ஏச்சுச் சொல்லாக்கிக் கொண்டோம் என்பதை வாசகர் அறிவர். இச்சாலைகள் கூச்சலிட்டுக் கலகம் செய்வோரை அடைத்து வைப்பதற்காக எழுந்தவை. ஒரு மூலையில் உட்கார்ந்து ஓசையின்றி வாடுவோரை அங்கே கொண்டு வருவார் யார்?

இந்நிலையில், மனநோய்களை வகுத்துப் பெயரிட்டதால் உலகப் புகழ் பெற்ற ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரெப்பலின் 1904-இல் ஜாவாத் தீவுக்கு வந்து, அங்கிருந்த பைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்வையிட்டார். ஜாவா மக்களிடையே மனச்சோர்வு நோய் அரிது என்றும், நேரினும் இலேசாய் வந்து விரைவில் நீங்கிவிடும் என்றும் அவர் எழுதினார். குடியேற்ற நாடுகளில் இருந்த வைத்தியர் பலர் நெடுங்காலம் இக்கருத்தையே பற்றி நின்றனர். பைத்தியசாலையின் கதவுக்குள் வந்தவரை மட்டும் எண்ணினால், குடிசைக்குள் அழுவோரின் தொகை எவ்வாறு தெரியும்? ஐரோப்பியர் வாடினால் அது நோய். ஆசியக் கூலி வாடினால் அது அவன் சுபாவம். இவ்விதக் கணக்கு வசதியான கணக்கு. சுபாவத்திற்கு வைத்தியம் வேண்டாம், ஓய்வு வேண்டாம், கூலி உயர்வும் வேண்டாம்.

சாகாத உயிரணு என்றதொரு கதை

மனத்தின் சரித்திரம் இவ்வாறிருக்க, மற்றொரு பக்கத்தில் மூப்பின் சரித்திரம் தனியே நடந்து வந்தது. நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு இரண்டாய்ப் பிரிந்து பெருகுவதாலேயே புண் ஆறுகின்றது, தோல் புதுப்பிக்கப்படுகின்றது, இரத்தம் ஊறுகின்றது. இப்பெருக்கத்திற்கு எல்லை உண்டா?

இல்லை என்றார் அலெக்ஸிஸ் காரல் என்னும் பிரெஞ்சு நாட்டார். நோபெல் பரிசு பெற்ற அதே 1912-இல், நியூயார்க் ஆராய்ச்சிச்சாலையில், கோழிக்குஞ்சின் கருவிலிருந்து எடுத்த இருதயத் துணுக்கைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அந்த வளர்ப்பு 1946 வரை நடந்தது. வளர்த்தவர் 1944-இலேயே மாண்டுபோனார். உயிரணு தனித்திருந்தால் சாகாவரம் உடையது என்று பத்திரிகைகள் கொண்டாடின. மற்றவர் அதே முறையில் செய்து பார்த்தபோது உயிரணுக்கள் மடிந்தன. மடிந்தபோதெல்லாம் தம் கைத்தவறு என்றே அவர்கள் நினைத்துக் கொண்டனர். பெரியவர் சொன்னால் பிழையிராது என்னும் மயக்கம் ஆராய்ச்சிச்சாலைக்குள்ளும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இம்மயக்கத்தைக் கலைத்தவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து லியோனார்ட் ஹேஃப்ளிக். பால் மூர்ஹெட் என்பவருடன் சேர்ந்து 1961-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, மனித உயிரணு சுமார் 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றது என்று காட்டிற்று. கைத்தவறோ என்னும் ஐயத்தை நீக்க அவர் செய்த சோதனை மிக எளியது. பலமுறை பிரிந்து கிழப்பருவம் எய்திய ஆண் உயிரணுக்களையும், இளம்பருவத்துப் பெண் உயிரணுக்களையும் ஒரே கலத்தில் இட்டு வளர்த்தார். தவறு கலத்திலோ உணவிலோ இருந்தால் இரண்டும் ஒருங்கே மடிய வேண்டும். கிழ அணுக்களே மறைந்தன. இளையவை தொடர்ந்து பெருகின. முதலில் அனுப்பிய பத்திரிகை அவர் கட்டுரையை ஏற்க மறுத்ததும் உண்டு. காரலின் கோழி அணுவுக்கு நாள்தோறும் ஊட்டிய கருச்சாற்றோடு புது அணுக்களும் கலந்து சென்றிருக்க வேண்டும் என்பதே பின்னாளில் பலர் கொண்ட முடிவு.

நுனியில் ஒரு காப்பு

எனில், எத்தனை தடவை பிரிந்தோம் என்பதை உயிரணு எவ்வாறு அறிகின்றது? அதற்குச் செக்ரோல் எழுதும் கிராணி யார்?

ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. தாய் தந்தையரிடமிருந்து நாம் பெற்ற பரம்பரைக் குறிப்புகள் அனைத்தும் டி.என்.ஏ. என்னும் பொருளால் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பழ ஈக்களை எக்ஸ்ரே கதிரால் ஆராய்ந்த ஹெர்மன் முல்லர், இழை நடுவே அறுந்தால் மற்றோர் இழையோடு ஒட்டிக்கொள்வதையும், அதன் இயற்கையான நுனி மட்டும் எதனோடும் ஒட்டாதிருப்பதையும் கண்டார். அந்த நுனிக்கு 1938-இல் 'டெலோமியர்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் கடைசிப் பகுதி என்பது பொருள். ஏறக்குறைய அதே காலத்தில் மக்காச்சோளப் பயிரை ஆராய்ந்த பார்பரா மக்ளின்டாக் என்னும் அம்மையாரும் இவ்வுண்மையையே கண்டார். பூட்ஸ் கயிற்றின் முனையில் இழை பிரியாதபடி ஒரு சிறு குழல் இருக்கின்றதல்லவா? அதைப் போன்ற காப்பு இது.

இந்நுனியையும் மூப்பையும் முதலில் இணைத்துப் பார்த்தவர் மாஸ்கோ நகரத்து அலெக்ஸி ஓலோவ்னிகோவ். உயிரணு பிரியும்போது அதன் குறிப்பு முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கும் பொறி இழையின் கடைசித் துணுக்கைப் படியெடுக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு படியும் மூலத்தைவிடச் சிறிது குறுகும் என்று அவர் 1971-இல் எழுதினார். ரயில் நிலையத்தில் வந்து நின்ற வண்டியைப் பார்த்தபோதே இவ்வெண்ணம் தமக்கு உதித்ததென்று பின்னர்க் கூறினார். வண்டி தண்டவாளத்தைப் படியெடுக்கும் பொறி என்று கொண்டால், அது நிற்கும் அடித்துண்டைப் படியெடுக்க மாட்டாதல்லவா?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது எளிதில் விளங்கும். என் தாயார் பால் வெட்டியவர். ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று போய்விடும். மேலிருந்து கீழாக வெட்டு இறங்கிக்கொண்டே வரும். கணக்காய் வெட்டினால் சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். ஆத்திரப்பட்டு ஆழ வெட்டினால் மரத்தில் காயம் படும். ஓய்வின்றி வெட்டினால் மரம் பால் வறண்டு நிற்கும். வறண்ட மரமும் பச்சையாகவே நிற்பதால், வழியே போவோருக்கு அதன் வறட்சி தெரிவதில்லை. வெட்டுகிறவருக்கே தெரியும்.

டெலோமியருக்கும் புதுப்பட்டை உண்டு. அதனைக் கண்டவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாவில் 1948-இல் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன் அம்மையார். குளத்து நீரில் வாழும் 'டெட்ராஹைமினா' என்னும் ஓரணு உயிரியை ஜோசப் கால் என்பவருடன் ஆராய்ந்து, அதன் இழை நுனியில் ஆறெழுத்துக் குறிப்பு ஒன்றே திரும்பத் திரும்ப வருவதை 1978-இல் வெளியிட்டார். ஜாக் ஷோஸ்டாக் என்பாரும் அவரும், அந்நுனி வேறோர் உயிரின் இழையையும் காக்கும் என்பதை 1982-இல் காட்டினர். அவரிடம் மாணவியாயிருந்த கரோல் கிரைடர் 1984-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, விடுமுறையையும் பாராது ஆராய்ச்சிச்சாலைக்குச் சென்று தம் சோதனையின் பலனைப் பார்த்தபோது, தேய்ந்த நுனியைத் திரும்ப வளர்க்கும் ஒரு பொருள் உண்டென்பதன் அடையாளத்தைக் கண்டார். 'டெலோமரேஸ்' என்பது அதன் பெயர். மூவருக்கும் 2009-இல் வைத்திய நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனித உயிரணு பிரியப் பிரிய அதன் நுனி குறுகுகின்றது என்பதும் 1990-இல் மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் தொடக்கம் குளத்துப் பூச்சி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்ன பயன் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அவ்வாராய்ச்சி தொடங்கப்படவில்லை.

இரண்டு ஆறுகளும் கலந்த இடம்

மனத்துயரின் சரித்திரமும் மூப்பின் சரித்திரமும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இரு வேறு ஆறுகளாய் ஓடின. அவை கலந்தது 2004-இல். எலிசா ஏப்பல் என்னும் மனநூல் அறிஞர் பிளாக்பர்ன் அம்மையாருடன் சேர்ந்து 58 தாய்மாரை ஆராய்ந்தார். அவர்களுள் 39 பேர் தீராநோயுற்ற பிள்ளையைப் பேணுவோர். மற்ற 19 பேரின் பிள்ளைகள் நலமாயிருந்தனர். பேணிவந்த ஆண்டுகள் கூடக்கூடத் தாயின் இரத்த அணுக்களில் டெலோமியர் குறுகியிருந்தது. மிகுந்த மனநெருக்கடியில் இருப்பதாகக் கூறிய தாய்மாரின் நுனிக்காப்பு, நெருக்கடி குறைந்தோரினும் பத்து ஆண்டுகளேனும் மூத்த தோற்றம் அளித்தது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. பதினாறு ஆண்டு, நடக்கவியலாத பிள்ளை, 'வரவில்லை' என்ற என் கையெழுத்து, மூன்றும் கண்முன் நின்றன.

பின் வந்த ஆராய்ச்சிகள் மனச்சோர்வையே நேராகத் தொட்டன. பாஸ்டன் நகரில் நயோமி சைமன் முதலியோர் 2006-இல் நெடுநாள் மனச்சோர்வு முதலிய நோயுற்ற 44 பேரையும், நோயற்ற 44 பேரையும் ஒப்பிட்டு, நோயுற்றோரின் நுனிக்காப்பு பத்தாண்டு வரை மூத்ததுபோல் குறுகியிருக்கக் கண்டனர். ஓவன் வோல்கொவிட்ஸ் முதலியோர் 2011-இல் வெளியிட்ட சிறு ஆராய்ச்சியில் மற்றொரு நுட்பம் புலனாயிற்று. நோயுற்றோர் அனைவரையும் சேர்த்து நோக்கினால் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. வாழ்நாளில் மிகப் பல ஆண்டுகளைச் சோர்விலேயே கழித்தவரிடம்தான் குறுக்கம் காணப்பட்டது. அதாவது, சில நாள் துக்கம் வேறு. ஆண்டுக்கணக்கில் வைத்தியமின்றிக் கிடந்த துக்கம் வேறு.

ஹாலந்து தேசத்தில் நடந்த ஆராய்ச்சி இவற்றினும் பெரியது. ஜோசீன் வெர்ஹூவென் முதலியோர் 2013-இல் வெளியிட்ட அதில், அப்போது சோர்வுற்றிருந்தோர் 1,095 பேர், முன்பு சோர்வுற்றுத் தேறியவர் 802 பேர், நோயே அறியாதவர் 510 பேர். முதல் இரு சாராருக்கும் நுனிக்காப்பு குறுகியிருந்தது. சில ஆண்டு மூப்புக்கு அது சமம். புகை, குடி, உடற்பருமன் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வேற்றுமை மறையவில்லை. நோய் நீடித்த மாதங்கள் மிகமிகக் குறுக்கமும் மிகுந்தது.

டெலோமியர் ஒன்றே அளவுகோல் அன்று. டி.என்.ஏ.யின் மேல் வயதுக்கு வயது மாறும் இரசாயன அடையாளங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் 'கடிகாரம்' ஒன்றை ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் அமைத்தார். அவ்வகை அடையாளங்களைக் கொண்டு ஹாலந்தில் 2018-இல் கணித்தபோது, மனச்சோர்வுற்றோரின் உடம்பு சராசரியாகச் சில மாதங்கள் முன்னேறி ஓடுவது தெரிந்தது.

மனம் எவ்வழியே அணுவைத் தொடுகின்றது?

இதில் மந்திரம் ஏதுமில்லை. அச்சமோ நெருக்கடியோ நேர்ந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி 'கார்டிசால்' என்னும் நீரைச் சுரக்கின்றது. பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்கு அது உதவி. ஓடி முடித்ததும் அடங்கிவிடும். தீராத கவலையில் பாம்பு வீட்டுக்குள்ளேயே குடியிருப்பதால் சுரப்பி ஒழுங்கு கெடுகின்றது. அத்துடன் உடம்பில் புண்ணின்றியே அழற்சி மெல்ல எரிந்துகொண்டிருக்கும். உயிரணுவில் துருப்போன்ற சிதைவு மிகும். டெலோமியரின் ஆறெழுத்தில் மூன்று எழுத்தாய் நிற்கும் 'குவானின்' என்னும் பொருள் இத்துருவுக்கு எளிதில் இரையாகும். உறக்கம் கெடுகின்றது, பசி கெடுகின்றது, சிலர் சாராயத்தை நாடுகின்றனர். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இவையெல்லாம் நுனியைத் தேய்க்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர்.

கணக்கெழுதுபவன் வரவை மட்டும் காட்டிப் பற்றை மறைக்கலாகாது. ஆகவே மறுபக்கத்தையும் சொல்வேன். இக்கண்டுபிடிப்புகள் சராசரியைப் பற்றியவை. பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து நோக்கும்போது வேற்றுமை உண்மைதான், ஆயினும் சிறியது. தொடர்பு காணாத ஆராய்ச்சிகளும் உண்டு. ஒருவருடைய டெலோமியரை அளந்து, இவர் சோர்வுற்றவர், இவர் இத்தனை ஆண்டு வாழ்வார் என்று சொல்ல முடியாது. ஹாலந்து மக்களை ஆறு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, சோர்வு கூடினால் நுனி உடனே குறைவதும், சோர்வு நீங்கினால் உடனே வளர்வதும் காணப்படவில்லை. துயரம் நுனியைக் குறுக்குகின்றதோ, இளமையில் பட்ட வறுமையும் கொடுமையும் இரண்டையும் ஒருங்கே விளைத்தனவோ என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. நுனிக்காப்பை வளர்க்கும் மருந்தென்று விற்கப்படும் லேகியத்தையும் மாத்திரையையும் நம்பிக் காசைத் தொலைக்க வேண்டாம். புற்றுநோய் அணுக்களில் பெரும்பாலானவை ஓயாது பெருகுவது இதே டெலோமரேஸின் துணையால்தான் என்பதை நினைவிற்கொள்க.

நம் மக்களின் கணக்கு

நம்மைப் பற்றி இச்சரித்திரம் என்ன சொல்கின்றது? ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் நடந்தது. 1942 முதல் 1945 வரை சயாம் ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோர் பல்லாயிரவர். திரும்பாதோர் மிகப் பலர். லயத்து வீடுகளில் காத்திருந்தே கிழவியான பெண்களின் கதையை நம் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. பின்னர் அவசரகாலம்; அதன்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் குடும்பங்கள் வேருடன் பெயர்ந்த காலம். அவர்களுடைய உயிரணுவை அளந்தாரில்லை. இனி அளக்கவும் வழியில்லை. அவர்கள் விரைவில் கிழடு தட்டியதற்குக் காரணம் மலேரியாவா, பசியா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது.

ஆயினும் தமிழரிடையே இரண்டு அளவைகளும் தனித்தனியே எடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் சென்னையில், ஒரே நிலையத்தில் நடந்தவை. மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அடைக்கலகோடீஸ்வரி, பாலசுப்பிரமணியம், மோகன் ஆகியோர், நீரிழிவுற்ற நம் மக்களின் இரத்த அணுக்களில் டெலோமியர் குறுகியிருப்பதை 2005-இல் வெளியிட்டனர். அந்நிலையத்தாரே சென்னை நகரில் 25,455 பேரை விசாரித்து, 2009-இல் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். நூற்றுக்கு 15.1 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதி. வருமானம் குறைந்தோரிடம் இன்னும் மிகுதி. நீரிழிவால் கண், நரம்பு, சிறுநீரகம் கெட்டவரிடம் சோர்வு கூடுதலாயிருப்பதையும் 2011-இல் அவர்கள் காட்டினர்.

ஆசிய மக்களிடம் மனச்சோர்வு அரிது என்று கிரெப்பலின் எழுதி நூறு ஆண்டு கழிந்தபின் வந்த விடை இது. அவர் பைத்தியசாலைக்குள் பார்த்தார். இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டனர். விடை மாறியதற்குக் காரணம் அதுவே.

மலேசியாவிலும் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேர், ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள், மனச்சோர்வுற்றிருப்பதாகக் கூறிற்று. நீரிழிவோ, நாட்டின் பெரிய இனங்களுள் இந்தியரிடையேதான் மிகுதி. உடம்பை மூப்படையச் செய்யும் இரு நோய்களும் நம் வீடுகளில் ஒரே பாயில் படுத்திருக்கின்றன. சர்க்கரையைச் சோதிக்கக் கூசாமல் விரலை நீட்டுகிற நாம், மனம் சோர்ந்தது என்று சொல்ல வெட்கப்படுகிறோம்.

செய்ய வேண்டியது யாது?

சட்டம் சிறிது முன்னேறியிருக்கின்றது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் பிரிவை மலேசியப் பாராளுமன்றம் 2023-இல் நீக்கிற்று. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வைத்தியம் பெறுவதை உரிமையாக்கிற்று. வைத்தியமோ எட்டாத் தூரத்தில் இல்லை. மருந்து உண்டு, முறையான பேச்சு வைத்தியமும் உண்டு. பெரிய வைத்தியர் இல்லாத இடத்திலும் வழி உண்டென்பதை கோவாவில் விக்ரம் பட்டேல் முதலியோர் காட்டினர். ஊரிலுள்ள சாதாரண மக்களைப் பயிற்றி, சிற்றூர் ஆரோக்கிய நிலையங்களில் ஆறு முதல் எட்டு தடவை நோயாளியுடன் முறைப்படி பேசச் செய்தபோது, கடும் மனச்சோர்வும் தணிந்தது என்று 2017-இல் அவர்கள் வெளியிட்டனர். அத்தகைய பயிற்சி நம் தோட்டத்து ஆசிரியருக்கும், மாதர் சங்கத்தாருக்கும், என்னைப் போன்ற கிராணிக்கும் ஏன் கிடைக்கலாகாது?

அந்தத் தாயை நான் சாமியாடியிடமிருந்து மீட்டேன் என்று பெருமை பேச வரவில்லை. வெகு நாள் தாமதித்தேன். அதன்பின் ஒரு காலை அவளையும் பிள்ளையையும் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். முதல் முறை டாக்டர் முன் அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை அழுதாள். மூன்றாம் முறை பேசினாள். இப்போது மருந்து உண்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து வாரத்தில் இரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றனர். அவள் முகம் இளமையாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். காலைப் பெரட்டுக்கு வருகிறாள். வராத நாளில் காரணம் சொல்லி அனுப்புகிறாள்.

நெற்றியில் பிறக்கும்போதே எழுதப்பட்டது என்று நம் முன்னோர் நம்பிய எழுத்தை எவரும் கண்டதில்லை. உயிரணுவின் நுனியில் உள்ள எழுத்தை இன்று கண்ணாடிக் கருவியால் காண்கின்றனர். அது பிறக்கும்போதே முடிந்துபோன எழுத்தன்று. கூலியும், வீடும், உறக்கமும், பக்கத்தில் இருப்போரின் நடத்தையும் அதில் நாள்தோறும் கை வைக்கின்றன. அன்பர்களே, உங்கள் வீட்டிலோ லயத்திலோ எழுந்திருக்க மனமின்றிக் கிடப்பவர் ஒருவர் இருந்தால், சோம்பேறி என்று சொல்லுமுன் ஒருமுறை காரணம் கேளுங்கள். கேட்டபின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் 'வரவில்லை' என்று எழுதி இழந்த நாட்களை நீங்களும் இழக்க வேண்டாம்.